பன்னிரண்டு மணிக்குள் ஒரு கிண்ணம் கீரை

1

மூன்று ஆண்கள் மரியாதையாக உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கி, ஒரு பெண்ணின் கடையையே தின்றுவிடப் பார்த்த கதை இது. அந்த மூவரில் ஒருவன் நான். மற்ற இருவரும் என்னைவிடக் கூடுதலாகத் தின்றார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு அவர்கள் வந்து வேறு மாதிரி சொல்வார்கள்.

எனக்கு இந்த ஊரில் தங்கும் அனுமதிக்கு வருஷம் ஒரு முறை முத்திரை விழ வேண்டும். இந்த வருஷம் விழுந்தது இருபத்திரண்டாவது. விருதுநகரில் உளுந்து மண்டியில் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே ரங்கூனுக்கு வந்தும் அதே வேலைதான். மூட்டையில் குத்தூசியை விட்டு, கையில் வந்த பருப்பைக் கடித்து, ஈரம் எவ்வளவு, வண்டு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு இட்லியில் பாதி நான் கடித்துப் பார்த்து அனுப்பிய உளுந்தாக இருக்கலாம். இட்லி கல்லு மாதிரி இருந்தால் அது நான் லீவில் இருந்த மாதம்.

என் பாஸ்போர்ட்டில் ‘எம். சீனிராசு’ என்று இருக்கிறது. எம் என்பது அப்பா மாடசாமி. இந்த நாட்டில் ஆண் பெயருக்கு முன்னால் எம் இருந்தால் அது ‘மாவுங்’. மாவுங் என்றால் பொடியன், தம்பி. முதல் வருஷம் ஒரு எழுத்தர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து அதை முழுசாக விரித்து எழுதிவிட்டார். இங்கே வயது ஏற ஏற மாவுங் ‘கோ’ ஆக வேண்டும், கோ ‘ஊ’ ஆக வேண்டும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, தலையில் பாதி முடி போய்விட்டது, காகிதத்தில் இன்னும் பொடியன். திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவத்தின் முதல் கட்டம் ‘பெயர்’. அதில் என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினையே.

“சர்க்காரே உன்னைப் பொடியன்னு சொல்லுது, சந்தோசமா இரு தம்பி,” என்பார் காதர் காக்கா. “என்னைச் சொல்றதுக்கு ஒரு ஆளில்லை.”

காக்கா மூன்றாம் தலைமுறை ரங்கூன்காரர். ஆணி, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடை. எழுபதை நெருங்குகிறார். இன்னொரு நண்பன் சுப்பையா. வெளியே அவன் பெயர் கோ ஸோ. இன்சீன் ரயில் பட்டறைக் குடும்பம், அச்சகத்தில் மெஷின் பார்க்கிறான். முத்திரை விழுந்த அன்றைக்கு இந்த இருவருக்கும் நான் வெளியே சோறு போட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு சட்டம். அதற்குப் பெயரே முத்திரைச் சோறு.

2

இந்த வருஷத்துக் கடையைக் கண்டுபிடித்துச் சொன்னது என் மகள் கயல். பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். இரண்டு வானொலி நிலையங்கள் ஒரே வீட்டில் வேலை செய்வது போல எங்கள் குடும்பம் நடக்கிறது. போனைக் காட்டி ஏதோ வேகமாகச் சொன்னாள். அமெரிக்கா, தெற்கு, வறுத்த கோழி என்பவை மட்டும் எனக்குப் பிடிபட்டன.

“நீயும் வாயேன்,” என்றேன்.

அதற்கு மட்டும் தமிழில் பதில் வந்தது. “நீங்க மூணு பேரும் சேந்தா ஒரே சத்தம்.”

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தின் தரைத்தளம்தான் கடை. ஆறு மேசை. காலை பத்தரைக்குப் போய் உட்கார்ந்தோம். என்னடா பத்தரைக்குச் சாப்பாடா என்று கேட்காதீர்கள், இந்த ஊரில் மதியச் சோறு அப்போதே ஆரம்பித்துவிடும். வழக்கம்போலக் கரண்ட் இல்லை. சன்னல் வெளிச்சத்தில் சுவரில் ஒரு பாட்டரிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரப் பெண் மா தந்தா. வயது நாற்பதுக்குள். இன்சீன் தமிழ்க் குடும்பம்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் சாந்தி. பதினோரு வருஷம் அமெரிக்காவின் தெற்குப் பக்கம், அலபாமாவில், மிஸ் கோரா என்ற கறுப்பினப் பெண்மணியின் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அவள் தமிழ் மெதுவாக, தடம் பார்த்துத் தடம் வைத்து வரும்.

“இது என்ன சாப்பாடும்மா?” என்று காக்கா கேட்டார்.

“சோல் ஃபுட், காக்கா. அங்க கறுப்பு ஜனங்கள அடிமையா வெச்சிருந்தாங்கல்ல, அவங்களுக்கு எசமான் வீட்ல நல்லது எதுவும் குடுக்க மாட்டாங்க. காலு, எலும்பு, மேல் இலை. அதையே அவங்க இப்படி ஆக்கிட்டாங்க. இப்ப எசமான் பேரனெல்லாம் வரிசைல நின்னு வாங்கித் திங்குறான்.”

சுப்பையா அதைக் கேட்டுத் தலையாட்டினான். தண்டவாளம் போடக் கப்பலில் வந்தவர்களின் வழி அவன். பிறகு, “அப்ப நமக்குத் தெரிஞ்ச சாப்பாடுதான்,” என்றான்.

சொல்லிவிட்டு வறுத்த கோழி கேட்டான். காக்கா கோழியைத் தொட மாட்டார், ஹலால் பார்ப்பவர். மீன் போதும் என்றார். எனக்கு அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் முருகனுக்கு விட்டுக்கொடுத்த இரண்டு நாளில் ஒன்று. செவ்வாய்க்கிழமை பார்த்து முத்திரை குத்தியவனை நான் ஒன்றும் சொல்ல முடியாது.

“கவுச்சி இல்லாம ஏதாவது இருக்கா தங்கச்சி?”

மா தந்தா ஒரு கணம் தயங்கினாள். இப்போது யோசித்தால் அந்தத் தயக்கம் நன்றாகவே நினைவிருக்கிறது. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

“இருக்கு அண்ணே,” என்றாள். “கீரை. தினம் புகை போட்ட கோழி எலும்பு போட்டுத்தான் வேக வைப்பேன். இன்னைக்கு ஒரு சட்டி மட்டும் எலும்பு இல்லாம.”

“அதுதான் நமக்கு,” என்றேன், முருகனே ஏற்பாடு செய்தது போல.

3

வந்தது. மக்காச்சோள ரொட்டி, மேசைக்குப் பொதுவாகத் தட்டைப்பயறு, ஒரு கிண்ணம் கீரை. தட்டைப்பயறைக் கடித்துப் பார்த்தேன், தொழில் பழக்கம். நல்ல சரக்கு. ஆனால் என்னைக் கவிழ்த்தது கீரைதான். அங்கே அவர்களுக்கு ஏதோ தடித்த இலைக் கீரையாம். இங்கே கிடைக்காததால் மா தந்தா கடுகுக்கீரையில் செய்கிறாள். இரண்டு மணி நேரம் சிறு தீயில் வெங்காயம், மிளகாய், ஒரு கரண்டி காடி. இலை இலையாகவும் இருக்கிறது, நாக்கில் வைத்தால் இல்லாமலும் போகிறது. அடியில் அந்தத் தண்ணீர் வேறு, பச்சையும் பழுப்புமாக.

“ரொட்டியை அதுல தொட்டுச் சாப்பிடணும் காக்கா,” என்று மா தந்தா சொல்லிக்கொடுத்தாள். “அதுக்குப் பேரு பாட் லிக்கர்.”

காக்கா தொட்ட ரொட்டியை அப்படியே கீழே வைத்தார். “லிக்கரா?”

“கீரை வெந்த தண்ணிதான் காக்கா. சும்மா பேரு.”

“பேரை மாத்தும்மா. தொழுகையாளி வந்து போற இடம்.” சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்தவர், பிறகு நிறுத்தவே இல்லை.

பர்மியர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கறியில் பன்றி, பழத்தில் மாம்பழம், இலையில் லப்பெட். லப்பெட் என்பது இவர்கள் ஊறவைத்துத் தின்னும் தேயிலை. காக்கா எப்போதும் முதல் வரியைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டை மட்டும் ஒத்துக்கொள்வார். அன்றைக்கு மூன்றாவது வரியும் போனது. “இலைன்னா இதுதான்பா,” என்றார்.

இங்கேதான் நீங்கள் எங்களை மன்னிக்க வேண்டும். இந்த ஊர்ச் சோற்றுக் கடையில் கறிக்கு மட்டும்தான் காசு. கறி ஒன்று சொன்னால் சோறு, சூப், வேகவைத்த காய், பச்சை இலை, தொட்டுக்கொள்ள மீன் சாந்து எல்லாம் தானாக வரும். தீர்ந்தால் கேட்க வேண்டியதுகூட இல்லை, கிண்ணத்தை லேசாக நகர்த்தினால் போதும். எங்கள் விருதுநகர்ப் புரோட்டாக் கடை மட்டும் என்ன? இரண்டு புரோட்டாவுக்கு ஒரு வாளி சால்னா ஊற்றிக்கொண்டு எழுந்து வந்தவர்கள்தானே நாங்கள். தொட்டுக்கொள்வது இலவசம் என்பது எங்களுக்கு மதம் மாதிரி. அதில் இந்து, முஸ்லிம், பர்மியர் பேதம் இல்லை.

நான் கிண்ணத்தை நகர்த்தினேன், வந்தது. காக்கா நகர்த்தினார், வந்தது. கோழி தின்றுகொண்டிருந்த சுப்பையா, “எனக்கும் கொஞ்சம்,” என்றான். மா தந்தா ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

ஊர்ப் பந்தியில் பரிமாறுகிறவர் நிறுத்த மாட்டார், இலைக்காரன் கையை விரித்து இலையை மூட வேண்டும். இங்கே ‘ஆநா’ என்று ஒன்று இருக்கிறது. கூச்சம், தாட்சண்யம், எதிராளி மனம் கோணிவிடக் கூடாதே என்ற பயம், எல்லாம் ஒன்றாக அரைத்த விழுது. ஆநா பிடித்தவர்கள் வாயிலிருந்து ‘இல்லை’ வராது. கேட்பவன்தான் பார்த்து நிறுத்த வேண்டும். ஆக இரண்டு ஊரிலும் நிறுத்தும் பொறுப்பு தின்கிறவனுடையது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது நான் நாலாவது கிண்ணத்தில் இருந்தேன்.

4

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சுப்பையா கிண்ணத்தை இன்னொரு முறை நகர்த்தினான். இந்த முறை உள்ளேயிருந்து வந்தது மா தந்தா இல்லை. அவளுடைய சின்னம்மா, மாரியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு சட்டி. அதை எங்கள் மேசை நடுவில் வைத்துக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

“போதுமா, இல்ல சட்டியையும் கடிக்கிறீங்களா?”

“சின்னம்மா, வேணாம்,” என்று உள்ளேயிருந்து மா தந்தாவின் குரல் வந்தது.

“நீ சும்மா இரு. உனக்கு ஆநா இருக்கு, எனக்கு அந்தச் சனியன் இல்லை.” எங்கள் பக்கம் திரும்பினாள். “இந்தச் சட்டி யாருக்கு வெச்சது தெரியுமா? வீட்டுக்கார அம்மாவுக்கு. மேல மூணாவது மாடி. பேரு டோ ஞுன்ட். இன்னையோட கடைக்குக் கெடு முடியுது. பதினொன்னரைக்கு வந்து, சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த வருசத்துக்குக் கடை உண்டா இல்லையான்னு சொல்லுவேன்னு சொல்லியிருக்கு.”

காக்கா கையைத் துடைத்துக்கொண்டார். “வேற ஏதாவது குடுங்களேன்மா. கோழி, மீன்...”

“இன்னைக்கு அந்தம்மா உபோசத விரதம். கவுச்சி ஆகாது. தட்டைப்பயறுல கோழிக் கொழுப்பு.”

நான் என் தட்டைப் பார்த்தேன். முருகன் என்னைப் பார்த்தார். இருவரும் அதை அப்போதைக்குப் பேசாமல் விட்டோம்.

“அதும் பன்னண்டு மணிக்குள்ள,” என்று சின்னம்மா முடித்தாள். “பன்னண்டு தாண்டுனா விரதக்காரங்க வாயில நாளைக்கு விடியறவரைக்கும் ஒண்ணும் வைக்க மாட்டாங்க. அந்தம்மாவோட அண்ணன் மகன் இந்த இடத்துல போன் கடை வைக்கணும்னு ரெண்டு மாசமா ஒத்தக் கால்ல நிக்குறான்.”

மா தந்தா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எங்களைச் சமாதானப்படுத்தினாள். “பரவாயில்லை அண்ணே. நல்லா சாப்பிட்டீங்க. அதுவே சந்தோசம்.”

ஊரில் எங்கள் தெருவில் ஒருத்தர் சொல்வார், திட்டுகிறவன் அடித்தால் வலிக்காது, சிரிக்கிறவன் அடித்தால் எலும்பு முறியும் என்று. எனக்கு முறிந்தது.

“திரும்ப ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்றேன்.

“ரெண்டு மணி நேரம். கீரையை அவசரப்படுத்தினா அது பழி வாங்கும்னு மிஸ் கோரா சொல்லுவாங்க.”

“மிஸ் கோராகிட்ட குக்கர் இருந்துச்சா?”

5

மிஸ் கோராவிடம் இருந்ததோ இல்லையோ, என் மனைவி செண்பகத்திடம் இருந்தது. கல்யாணச் சீராக வந்து, கப்பலேறி, ரப்பர் வளையம் ஒன்பது முறை மாற்றி, இன்னும் ஊதிக்கொண்டிருக்கும் ஐந்து லிட்டர் குக்கர்.

சுப்பையா கீரை வாங்கத் தெரு முனைக்கு ஓடினான். நான் வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரன் கிளிப்பில் பேப்பரைச் செருகி இழுத்தால் மேலே மணி அடிக்கும். நான் கயிற்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன்.

செண்பகம் எட்டிப் பார்த்தாள். “முத்திரை விழலையா?”

“விழுந்துருச்சு. குக்கரை இறக்கு.”

“என்னது?”

“குக்கரு. வெயிட்டை மறந்துராத.”

“சாப்பிடப் போனீங்களா, சமைக்கப் போனீங்களா?” இது முழுத் தெருவுக்கும் கேட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கும் அவள் தொனியே போதும். எதிர் வீட்டு இரண்டாவது மாடியில் ஒரு அம்மா சாமான் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“சாப்பிட்டதாலதான் சமைக்க வேண்டியிருக்கு. அப்புறம் சொல்றேன்.”

மார்க்கெட் பையில் குக்கர் ஆடி ஆடி இறங்கியது. நாலாவது மாடியில் உலர்ந்துகொண்டிருந்த ஒரு லோஞ்சிக் கைலியைக் கூட்டிக்கொண்டு வந்தது. லோஞ்சியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். வெயிட் பைக்குள், ஒரு கைக்குட்டையில் முடிந்திருந்தது. அதுதான் செண்பகம். கேள்வி கேட்பாள், ஆனால் எதையும் மறக்க மாட்டாள்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருபது. சுப்பையா கொண்டு வந்த கட்டுகள் கொஞ்சம் வாடியிருந்தன. காக்கா, நாற்பது வருஷம் கல்லாவை விட்டு நகராத மனிதர், குழாயடியில் உட்கார்ந்து இலை இலையாகக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னம்மா அரிந்தாள். மா தந்தா குக்கரை ஒரு வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “மிஸ் கோரா இதைப் பாத்தா என்னை வேலைய விட்டே தூக்குவாங்க,” என்று சொல்லிக்கொண்டே வெங்காயத்தை வதக்கினாள். பதினொன்று முப்பத்திரண்டுக்கு மூடி விழுந்தது.

“நேரம் பத்தாது,” என்று சுப்பையா கடிகாரத்தைப் பார்த்தான். “ஒரு பத்து நிமிசம் பின்னாடி தள்ளி வெச்சா யாருக்குத் தெரியும்?”

“டேய்,” என்றார் காக்கா. “அந்தம்மா அவங்க ரப்புக்கு, சாமிக்குக் குடுத்த வாக்குடா அது. உன் வயிறு செஞ்ச பாவத்தை அவங்க சுமக்கணுமா?”

சின்னம்மா அரிவாள்மனையிலிருந்து எழவே இல்லை, சுப்பையாவை ஒரு பார்வைதான் பார்த்தாள். அவன் கடிகாரம் இருந்த சுவருக்கு எதிர்ச் சுவரில் போய் நின்றுகொண்டான்.

6

டோ ஞுன்ட் பதினொன்று முப்பத்தெட்டுக்கு இறங்கி வந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் விரதக்காரர்கள் போடும் பழுப்புத் துண்டு, கையில் மணிமாலை. அறுபத்தைந்து வயதிருக்கும். எட்டு நிமிஷம் தாமதம். எங்கள் மூன்று பேரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், சீக்கிரம் எழுந்து போக வசதியாக, நுனியில் உட்கார்ந்தார்.

காக்கா என் காதோரம் வந்தார். “கவுண்டர்ல நாப்பது வருசம் நின்னவன் சொல்றேன் தம்பி. வாங்க வந்த மொகமும் தெரியும், சும்மா விசாரிச்சுட்டுப் போற மொகமும் தெரியும். இது ரெண்டாவது. இல்லைன்னு சொல்ல வந்திருக்காங்க. சொல்ல முடியாம லேட்டா வந்திருக்காங்க. பன்னண்டு அடிச்சுட்டா சாப்பிட வேண்டாம். ஒருத்தர் சோத்தைத் தின்னாமலே போயிட்டா மறுக்குறது லேசு.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. பர்மியர்கள் ஒரு வேளைச் சோற்றுக்கு வாழ்நாள் நன்றி என்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். அந்த நன்றி தன்மேல் ஏறக் கூடாது என்று இந்த அம்மா பார்க்கிறார்.

அப்போது உள்ளே குக்கர் முதல் விசில் அடித்தது.

டோ ஞுன்ட் நாற்காலியில் துள்ளினார். “என்ன அது, ரயிலா?”

“இன்சீன் பட்டறைக்காரங்க வீட்டுச் சமையல், ஆன்ட்டி,” என்றான் சுப்பையா பர்மியத்தில். “அப்படித்தான் கேக்கும்.”

அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. காக்கா மெனு அட்டையை எடுத்து அவருக்கு விசிற ஆரம்பித்தார். நான் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். பெயர் கேட்டார், மாவுங் சீனிராசு என்றேன். என் தலையைப் பார்த்தார். கதையைச் சொன்னேன். இந்த முறை நிச்சயமாகச் சிரித்தார், முதுகு நாற்காலியில் சாய்ந்தது. கடிகாரம் பதினொன்று நாற்பத்தாறு.

“இந்தக் கடைக்கு ஆளே வருவதில்லை என்று என் அண்ணன் மகன் சொல்கிறான்,” என்றார் மெதுவாக. “நீங்கள் தினமும் வருவீர்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொய் சொன்னால் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டி வரும், நான் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு படிவம் நிரப்பியிருந்தேன்.

“இன்றைக்குத்தான் முதல் முறை, ஆன்ட்டி. உங்களுக்கு வைத்திருந்த கீரையை நாங்கள் மூன்று பேரும் தெரியாமல் தின்றுவிட்டோம். சட்டியைக் காலி செய்துவிட்டோம். கேட்கக் கேட்கக் கொடுத்தாள், இல்லை என்று சொல்லவில்லை. இப்போது வேகிறது உங்களுக்காக அவசரமாக வைத்தது. நன்றாக இல்லாவிட்டால் அது எங்கள் தப்பு.”

அவர் எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தார். துடைத்து வைத்தது போல ஏழெட்டுக் கிண்ணங்கள்.

“சட்டி முழுவதுமா?”

“முழுவதும்.”

“அவ்வளவு நன்றாகவா இருந்தது?”

காக்கா விசிறுவதை நிறுத்திவிட்டு, அந்த இலைப் பழமொழியைச் சொல்லி, இனி லப்பெட்டுக்கு அங்கே இடமில்லை என்றார். பர்மியப் பெண்மணியிடம் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பதினொன்று ஐம்பதுக்கு மா தந்தா ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைத்தாள். ஒரு துண்டு ரொட்டி. டோ ஞுன்ட் கடிகாரத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் இருந்தது, சாக்கு எதுவும் இல்லை. ஒரு கரண்டி எடுத்தார். பிறகு ஒன்று. பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ரொட்டியை அந்தத் தண்ணீரில் தொட்டார். கடையில் ஆறு பேர் ஒரு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்தம்மாவையும் சேர்த்து. எதிரிலிருந்த கண்ணாடியில் அவரும் தன்னைத்தான் பார்த்தார்.

கிண்ணம் காலியாயிற்று. வாயைத் துடைத்தார். மா தந்தா முன்னால் கைகட்டி நின்றாள்.

“கடை விஷயம்,” என்றார் டோ ஞுன்ட், மேசையைப் பார்த்து. “நான் போன் பண்ணுகிறேன் மகளே.”

ரங்கூனில் போன் பண்ணுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்குத் தெரியும். இங்கேயே பிறந்தவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சரி ஆன்ட்டி, என்று சிரித்துக்கொண்டே சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சின்னம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மா தந்தா சிரிக்கவில்லை, கட்டிய கையைப் பிரிக்கவும் இல்லை. அது தாங்காமலோ என்னவோ, டோ ஞுன்டின் கை தானாகக் கிண்ணத்தைப் பிடித்து லேசாக முன்னால் நகர்த்தியது. “இன்னும் கொஞ்சம் இருக்குமா? விடியும்வரை ஒன்றும் கிடையாதே.”

மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

மா தந்தா உள்ளே போய்க் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்தாள். கரண்டியால் அள்ளினாள். கரண்டி கிண்ணத்துக்கு மேலே வந்து, அங்கேயே நின்றது.

“இருக்கிறது ஆன்ட்டி,” என்றாள் பர்மியத்தில். குரல் நடுங்கியது, கரண்டி நடுங்கவில்லை. “முதலில் சொல்லிவிடுங்கள். கடை இருக்கிறதா, இல்லையா?”

சின்னம்மா மூச்சை இழுத்தது கேட்டது. விரதக்காரர் முன்னால் சோற்றை வைத்துக்கொண்டு யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். டோ ஞுன்ட் அந்தப் பெண்ணை அன்றைக்கு முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

“என் அண்ணன் மகனுக்கு நான் என்ன சொல்வது?”

“போன் பண்ணுகிறேன் என்று சொல்லுங்கள்.”

காக்கா இருமினார். அது இருமல் இல்லை.

“ஆறு மாதம்,” என்றார் டோ ஞுன்ட்.

கரண்டி அசையவில்லை. கீரைத் தண்ணீர் ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. அவர் அந்தச் சொட்டைப் பார்த்தார். கடிகாரம் பதினொன்று ஐம்பத்தேழு.

“ஆன்ட்டி,” என்றான் சுப்பையா, எதிர்ச் சுவரிலிருந்து. “மூணு நிமிசம்.”

“ஒரு வருஷம்,” என்றார் டோ ஞுன்ட். “ஊற்று.”

கரண்டி இறங்கியது. அவர் குனிந்து, பேசாமல், வேகமாக, ஒரு கீற்று விடாமல் சாப்பிட்டார். கடைசிக் கரண்டி உள்ளே போனபோது கடிகார முள் பன்னிரண்டைத் தொட இன்னும் அரை நிமிஷம் இருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணிமாலையை எடுத்துக்கொண்டு, நாளை காலை ஒப்பந்தப் பேப்பரோடு வருகிறேன் என்று எழுந்து போனார். படியேறும் சத்தம் மூன்றாவது மாடிவரைக்கும் கேட்டது.

மா தந்தா குக்கரோடு எங்கள் மேசைக்குத் திரும்பினாள். உள்ளே இன்னும் இரண்டு கரண்டி கிடந்தது. கீரை வாசனை ஆவியோடு மேலே வந்தது.

“உங்களுக்கு?” என்றாள்.

நான் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தேன். காக்காவும் மூடியிருந்தார், சுப்பையா இரண்டு கையாலும் மூடியிருந்தான்.

“போதும்மா,” என்றார் காக்கா. “அதை நீ சாப்பிடு.”

அவள் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.